மழைக்காரர் வாக்கரும் எங்கள் ஊர் ராமானுஜனும்

பிரபலமான இருவரை முடிச்சுப் போட்டுச் சொல்லும் துணுக்குகள் நிறைய உலவுகின்றன. இருவரும் ஒரே தேதியில் பிறந்தவர்கள், இருவரும் இடது கைக்காரர்கள் என்கிற வகையெல்லாம் படித்த மாத்திரத்தில் எனக்கு மறந்துவிடும். ஒருவர் எழுதிய கடிதமோ, செய்த சிபாரிசோ, தேடிப்போய் வாங்கி வந்த ஒரு பொருளோ இன்னொருவர் வாழ்க்கையைத் தொட்டிருக்க வேண்டும். அப்படி ஒன்று கையில் சிக்கினால் அடி முதல் நுனி வரை பார்க்காமல் விட மாட்டேன்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு க்விஸ் நடத்துகிறேன். அதற்காகச் சேர்த்து வைத்த நோட்டில் ராமானுஜனைச் சுற்றித்தான் அதிகப் பக்கங்கள் இருக்கும். நான் கும்பகோணத்துக்காரி. அவர் படித்த டவுன் ஹைஸ்கூல் வழியாகவே பள்ளிக்குப் போய் வளர்ந்தவள் என்பதால் ஊர்ப்பாசம் கொஞ்சம் கூடுதல். 1729 என்ற டாக்ஸி நம்பர் கதை எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்த கதையின் நாயகர் ராமானுஜனே இல்லை. கில்பர்ட் வாக்கர் என்ற வெள்ளைக்காரர்.

இவர் பெயர் மூன்று வெவ்வேறு வாசல் வழியாக என்னிடம் வந்தது. ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். சிக்னல் ப்ராசஸிங் பாடத்தில் ‘யூல்–வாக்கர் சமன்பாடுகள்’ என்று ஒரு பகுதி வரும். பாடப்புத்தகத்தில் பெயரோடு சரி, ஆள் யார், எந்த ஊர் என்று ஒரு வரி இருக்காது. இரண்டாவது, ஐப்பசி வந்தால் மழைச் செய்தியைத் தேடித் தேடிப் படிப்பவர்கள் எல்லாருக்கும் பழக்கமான ‘வாக்கர் சுழற்சி’. பசிபிக் கடலின் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டம் அது. பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறும் எல் நினோ வந்தால் தளர்ந்துவிடும். மூன்றாவது, ராமானுஜனின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒரு பெயர்: ஜி. டி. வாக்கர், வானாய்வகங்களின் தலைமை இயக்குநர், சிம்லா.

மூன்றும் ஒரே ஆள்.

1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். அதற்கு முன்னால் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் கைக்காசிலிருந்து மாதாமாதம் பணம் கொடுத்துவந்தார். இன்னொருவர் தயவில் தொடர்ந்து இருக்க மனமில்லாமல்தான் ராமானுஜன் வேலை தேடினார். போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர், சேர்மன் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் ரயில்வே பொறியாளராக இருந்தவர். தங்களிடம் வேலை பார்க்கும் பையன் சாதாரணமானவன் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் போய்ச் சொன்னால் எடுபடுகிற மாதிரி சொல்ல ஒரு கணித மேதை வேண்டுமே.

1913 பிப்ரவரி கடைசியில் வாக்கர் மெட்ராஸ் வருகிறார். துறைமுகத்துக்கும் வானிலைத் துறைக்கும் எப்போதும் வேலை உண்டு. வந்தவரிடம் ஸ்பிரிங் ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார். சரியான ஆளிடம்தான் காட்டினார். வாக்கர் 1889-இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் முதலாவதாகத் தேறியவர், அதாவது ‘சீனியர் ராங்லர்’. டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாக இருந்தவர். பிப்ரவரி 26-ஆம் தேதி மெட்ராஸ் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது: நான் பார்த்த வேலையின் சுயசிந்தனை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெல்லோவுக்கு ஒப்பானது, எனக்கு இந்தத் துறையில் விசேஷப் பயிற்சி கிடையாது, அதனால் இவருடைய திறமையை நான் தீர்மானமாக மதிப்பிட முடியாது, பிழைப்புக் கவலை இல்லாமல் சில வருடங்கள் முழுநேரமும் கணிதத்தில் செலவிட இவருக்குப் பல்கலைக்கழகம் வழி செய்தால் அது நியாயமாக இருக்கும்.

அந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் வரும் அந்த வரி. தனக்கு முழுதாகத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஒருவருக்காகப் பரிந்து பேச எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு ராமானுஜன் முதல் கடிதம் எழுதியது ஜனவரி 16. ஹார்டி பதில் எழுதியது பிப்ரவரி 8. அதற்கு ராமானுஜனின் மறுகடிதம் பிப்ரவரி 27, வாக்கரின் சிபாரிசு போன மறுநாள். சென்னைத் துறைமுகத்தில் அந்த ஒரே வாரத்தில் இரண்டு கதவு திறந்திருக்கிறது. மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. எம்.ஏ. படிக்காத, எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வுகூடத் தேறாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறும் வரை ராமானுஜனைக் காப்பாற்றியது அந்தப் பணம்தான். ஹார்டியின் கண்டுபிடிப்பு என்றே ராமானுஜனைச் சொல்லிப் பழகிவிட்டோம். அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி நோட்டுப் புத்தகத்திடம் அனுப்பியதில் மழைக்காரர் வாக்கருக்கும் சம பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

கணிதக்காரர் எப்படி மழைக்காரர் ஆனார் என்பது தனிக் கதை. 1899-இல் பருவமழை பொய்த்து வட இந்தியாவிலும் மேற்கிலும் கொடும் பஞ்சம். நல்ல மழை வரும் என்று அரசாங்க முன்னறிவிப்பு சொன்ன வருடம் அது. வானிலைத் துறையின் அப்போதைய தலைவர் ஜான் எலியட் ஓய்வு பெறும் சமயம், அடுத்து வருபவர் வெறும் அனுபவத்தை நம்பாமல் கணக்குப் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று தேடினார்கள். வாக்கருக்கு அதுவரை வானிலையில் ஒரு தொடர்பும் கிடையாது. பூமராங் எப்படித் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டவர் அவர். கேம்பிரிட்ஜ் ஆற்றங்கரைப் புல்வெளியில் எறிந்து எறிந்து பார்த்ததில் ‘பூமராங் வாக்கர்’ என்ற பெயரே வந்துவிட்டது. புல்லாங்குழல் அமைப்பு, பறவைகள் பறக்கும் விதம் என்று எங்கெங்கோ மேயும் மனசு. 1904-இல் பொறுப்பேற்றார்.

உலகத்தில் எங்கெங்கே காற்றழுத்தம், வெப்பம், மழை அளந்து வைத்திருக்கிறார்களோ அத்தனை எண்களையும் வாங்கி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டுறவு உண்டா என்று பார்க்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டார்கள். சூரியனில் கரும்புள்ளி கூடினால் மழை கூடுமா குறையுமா என்பது அந்தக் காலத்துப் பெரிய நம்பிக்கை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு அந்த நம்பிக்கை வலுத்ததும் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் கட்டியதற்கு ஒரு காரணம். வாக்கர் கணக்குப் போட்டுப் பார்த்து, கரும்புள்ளியை வைத்து மழையைச் சொல்ல முடியாது என்று கண்டார். கொடைக்கானல் ஆய்வகம் இவருடைய துறைக்குக் கீழேதான் இருந்தது. கட்டியது வீண்போகவில்லை. 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். வானியலில் இன்றும் அது எவர்ஷெட் விளைவு.

கரும்புள்ளியில் கிடைக்காதது கடலில் கிடைத்தது. பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. 1920-களில் அதற்குத் ‘தெற்கு அலைவு’ என்று பெயர் வைத்தார். எல் நினோ பற்றிய இன்றைய பேச்சு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. சென்னைக்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. எல் நினோ வருடங்களில் தென்மேற்குப் பருவமழை பலவீனமாகும் பக்கமே அதிகம், நம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் பக்கமே அதிகம். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது மிகப் பெரிய எல் நினோ ஒன்றின் நடுவில்.

வாக்கர் இருந்தவரை அவர் கண்டது ஏன் நடக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. சும்மா எண்களின் ஒற்றுமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1957–58-இல் பலமான எல் நினோ ஒன்று வந்தது. சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு என்று உலகம் முழுக்க அளவெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த அளவுகளை வைத்து ஜேக்கப் பியர்க்னஸ் என்ற நார்வேக்காரர் கடல் சூட்டையும் தெற்கு அலைவையும் முடிச்சுப் போட்டு, 1969-இல் அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரைச் சூட்டினார். வாக்கர் 1958 நவம்பரில், தன் தொண்ணூறாவது வயதில் இறந்துவிட்டார். தன்னை நிரூபிக்கப்போகிற எல் நினோ அப்போதுதான் வந்து போயிருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் உட்னி யூல் என்ற புள்ளியியலாளர் 1927-இல் அதே கரும்புள்ளிகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, இந்த வருடத்து எண்ணைப் போன இரண்டு வருடத்து எண்களிலிருந்து எழுத முடியுமா என்று ஒரு வழி கண்டார். 1931-இல் வாக்கர் அதை விரித்து, ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக் காற்றழுத்தத்துக்குப் போட்டுப் பார்த்தார். (டார்வின் அந்த ஊருக்குப் போனதே இல்லை. பீகிள் கப்பலின் பிந்தைய பயணத்தில் அவருடைய பழைய கூட்டாளிகள் நினைவாக வைத்த பெயர்.) அந்த இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் யூல்–வாக்கர் சமன்பாடுகள். மொபைலில் பேசும்போது குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகள் பலவற்றில் நொடிக்குப் பலமுறை இந்தச் சமன்பாடுகளைத் தீர்க்கிறார்கள். ‘ஹலோ, கேக்குதா?’ என்று நாம் கேட்கிற கேள்விக்குள் சிம்லாவில் மழை பார்த்தவர் உட்கார்ந்திருக்கிறார்.

நான் இருக்கையை விட்டு எழுந்துவிட்டது இதற்கு அடுத்த முடிச்சில்தான். அந்தச் சமன்பாடுகளை வேகமாகத் தீர்க்கும் வழியை வகுத்தவர் நார்மன் லெவின்சன், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணிதவியலாளர் நார்பர்ட் வீனரின் மாணவர். 1934-இல் வீனர் அவரை ஒரு வருடம் வெளிநாட்டுக்கு அனுப்பிவைத்தார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? கேம்பிரிட்ஜுக்கு, ஹார்டியிடம். வீனரே இருபது வயதுக்குள் ஹார்டியின் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். பின்னால் எம்.ஐ.டி.யில் லெவின்சனுக்கு வேலை கொடுக்கத் தயங்கினார்கள், அவர் யூதர் என்பதால். அமெரிக்கா வந்திருந்த ஹார்டி நேராக நிர்வாகத்திடமே போய், நீங்கள் நடத்துவது தொழில்நுட்பக் கல்லூரியா, மதப் பாடசாலையா என்று கேட்டார் என்று லெவின்சன் வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். 1937-இல் வேலை கிடைத்தது.

ஆக, வாக்கர் ஒரு குமாஸ்தாவுக்காகப் பரிந்து பேசினார், அவரை ஹார்டி வளர்த்தார். அதே ஹார்டி இன்னொரு பையனுக்காகப் பரிந்து பேசினார், அந்தப் பையன் வாக்கரின் சமன்பாட்டுக்கு வழி கண்டான். தன் கணிதம் உலகத்தில் எதற்கும் பயன்படாது என்று பெருமையாகவே எழுதியவர் ஹார்டி. லெவின்சனுக்கும் மனசு கடைசி வரை ஹார்டியின் கணிதத்தில்தான். பகா எண்களோடு தொடர்புள்ள ரீமன் சார்பின் பூஜ்யங்கள், அதாவது அதன் மதிப்பு பூஜ்யமாகும் இடங்கள், முடிவில்லாமல் ஒரு குறிப்பிட்ட கோட்டின் மேல் விழுகின்றன என்று ஹார்டி நிரூபித்தது 1914-இல், ராமானுஜன் அங்கே போய்ச் சேர்ந்த வருடம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் கோட்டிலேயே இருக்கின்றன என்று லெவின்சன் நிரூபித்தது 1974-இல், இறப்பதற்கு முந்தைய வருடம்.

கல்கத்தாப் பக்கம் ஒரு கிளை போகிறது. கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்கு வாய்த்த நல்ல நண்பர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ், பிற்பாடு நம் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்தவர். குளிரில் ராமானுஜன் ஓவர்கோட்டோடு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பதைப் பார்த்து, கட்டிலில் கம்பளி இருக்கிறதே என்று மேல் விரிப்பைத் தூக்கிக் காட்டியது அவர்தான். கம்பளிகளை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவைப்பார்கள் என்று கும்பகோணத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்!

ஒருநாள் ராமானுஜன் காய்கறி கிளறிக்கொண்டிருக்கும்போது மகாலனோபிஸ் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையிலிருந்து ஒரு புதிர் வாசித்தார். ஒரு தெருவில் வரிசையாக 1, 2, 3 என்று வீட்டு எண்கள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கத்து எண்களின் கூட்டல் அந்தப் பக்கத்து எண்களின் கூட்டலுக்குச் சமம். 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் இருந்தால் அந்த வீட்டு எண் என்ன? மகாலனோபிஸ் சில நிமிடம் போட்டுப் பார்த்து விடை கண்டார்: 288 வீடு, எண் 204. ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலேயே எழுதிக்கொள்ளச் சொன்னது பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு தொடர் பின்னம். அதில் எல்லா விடைகளும் வரிசையாக வந்துவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு 8 வீட்டுத் தெருவைக் கொடுத்தேன். ஆறாவது வீடு என்று ஏழாம் வகுப்புப் பெண் உடனே சொன்னாள்: ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் 15. புதிர் வந்தது 1914 டிசம்பர் இதழில். அப்போது அதே பத்திரிகையில் ஷெர்லக் ஹோம்ஸ் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மகாலனோபிஸ் இந்தியா திரும்பிய பிறகு அவரிடம் வானிலைக் கணக்குகளைக் கொடுத்து ஆராயச் சொன்னவர் யார்? வாக்கர். 1922-இலிருந்து நான்கு வருடம் மகாலனோபிஸ் அலிப்பூர் ஆய்வகத்தில் வானிலையாளர் வேலை பார்த்தார், முதல் இரண்டு வருடம் வாக்கரின் துறையில். 1931-இல் அவர் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் மாதக்கணக்கில் வந்து தங்கியவர் லெவின்சனின் குரு நார்பர்ட் வீனர். நோட்டில் கோடு போட்டு இணைத்துக்கொண்டே வந்தபோது பக்கம் போதாமல் இன்னொரு தாளை ஒட்ட வேண்டியிருந்தது.

கடைசியாக ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள். 1920 ஏப்ரலில் ராமானுஜன் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனிடம் சொன்னார். அந்த அம்மா சீதாலட்சுமி, நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், சி. வி. ராமனின் அண்ணன் பிள்ளை, பின்னால் நோபல் பெற்ற வானியற்பியலாளர். அவரும் அதே டிரினிட்டி போனார். 1936-இல் ஊருக்குக் கிளம்பும்போது ஹார்டி அவரிடம் கேட்டது ஒன்றுதான்: ராமானுஜனின் நல்ல படம் ஒன்று கிடைக்குமா?

கல்யாணத்துக்காக வந்திருந்த சந்திரசேகர் விசாரித்து விசாரித்து ஜானகி அம்மாளைக் கண்டுபிடித்தார். சிரமமான ஜீவனம். 1919-இல் திரும்பி வரும்போது எடுத்த பாஸ்போர்ட் மட்டும் இருந்தது, அதில் ஒரு படம். நாம் எல்லாரும் தபால்தலையிலும் பாடப்புத்தகத்திலும் பார்க்கும் அந்த ஒட்டிய கன்னம், கூர்ந்த கண் எல்லாம் அந்தப் படம் தந்தவை. உடம்பு சரியில்லாதவராகத் தெரிந்தாலும் மேதை என்று முகமே சொல்கிறது என்று ஹார்டி பரவசப்பட்டார். தன் நூலில் அதையே சேர்த்தார்.

ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். 1981-இல் ‘தி இந்து’வுக்குக் கொடுத்த பேட்டியில், என் கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று கேட்டார். அதைப் படித்த அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கி சும்மா இருக்கவில்லை. உலகமெங்கும் உள்ள கணிதக்காரர்களிடம் பணம் திரட்டி, மினசோட்டாவைச் சேர்ந்த பால் கிரான்லண்ட் என்ற சிற்பியிடம் மார்பளவு வெண்கலச் சிலை செய்யச் சொன்னார். சிற்பிக்கு ஆதாரமாக இருந்தது அதே பாஸ்போர்ட் படம். வார்த்த சிலைகளில் ஒன்று ஜானகி அம்மாளுக்கு வந்தது. இன்னொன்றைச் சந்திரசேகர் 1994-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். அந்த வருடம் ஏப்ரலில்தான் ஜானகி அம்மாள் காலமானார்.